தலையில்லாத அடைப்புக்குறி

ஸ்வென்போர் துறைமுகத்தில் தீவுப் படகில் கார்களை ஏற்றி இறக்குகிறவள் போடில். வயது நாற்பத்தெட்டு. கப்பல் அதிகாரிப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கணக்கில் தேற வேண்டும். பெரியவர்களுக்கான கணக்கு வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கை எனக்கு.

போன வருடம் வாய்மொழித் தேர்வில் கோட்டை விட்டாள். தேர்வாளர் காட்டிய ஏதோ குறியைப் பார்த்துத் தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியில் வசமாக மாட்டிக்கொண்டாள். படகில் ஒரு சத்தம் புதிதாகக் கேட்டால் ஊரையே கூப்பிட்டு விசாரிப்பவள், கணக்கில் மட்டும் வீம்பு பிடித்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதால், இந்த வருடம் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். அதில் சார்புகள் என்ற தலைப்பு இருந்தது. தயாரித்ததை மடமடவென்று சொல்லி முடித்தாள். அப்போது ஆர்ஹுஸிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அஸ்கர் எழுந்து பலகையில் எழுதினார்: f(x) = ⌊x⌋. அந்த அடைப்புக்குறிக்குக் கால் மட்டும் இருந்தது, தலை இல்லை. வகுப்பில் நாங்கள் பார்த்தே இராத குறி.

போடில் நிமிர்ந்து நின்றாள்.

"இந்தக் குறி எனக்குத் தெரியாது. ஆனா என்ன செய்யுதுன்னு கண்டுபிடிச்சிடுவேன். நான் ஒரு எண் சொல்றேன், என்ன வருதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

அஸ்கர் ஒப்புக்கொண்டார். நாலுக்கு நாலே வந்தது. இரண்டரைக்கு இரண்டு. நானாக இருந்தால், அரையை வெட்டிவிடுகிறது என்று அங்கேயே முடித்திருப்பேன். அவள் விடவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போய் மைனஸ் இரண்டரையைக் கேட்டாள். மைனஸ் மூன்று என்றார் அவர்.

"அப்ப வெட்டுறதில்ல. கீழ இருக்கிற முழு எண்ணுக்கு இறங்குது. எண் முழுசா இருந்தா அங்கயே நின்னுக்குது."

சொல்லிவிட்டுப் படிப்படியாக வரைபடம் போட்டாள். ஒவ்வொரு படிக்கும் இடது முனையில் நிறைந்த புள்ளி, வலது முனையில் வெற்று வட்டம்.

ஆசிரியரும் அஸ்கரும் அவளைச் சற்று நேரம் வெளியே அனுப்பிவிட்டு, திரும்பக் கூப்பிட்டு மதிப்பெண் சொன்னார்கள். பத்து. உச்ச மதிப்பெண்ணே பன்னிரண்டுதான்; தேறுவதற்கு இரண்டே போதும். அஸ்கர் அவள் கையைக் குலுக்கினார்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற அதிகாரி இருக்கிற கப்பல்ல நான் பயமில்லாம ஏறுவேன்."

"ஏறுங்க. டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க" என்றாள் போடில்.