சத்தம் போடாத பெட்டி

பீங்கான் விற்கிற எங்கள் ஊரில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. பார்சல் வந்தால் உடனே பிரிக்க மாட்டோம், காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்போம். உள்ளே கலகலவென்றால் உடைசல். சத்தமில்லை என்றால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

இந்த வருஷம் கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஒருவர் கார்த்திகைக்கு எங்கள் பீங்கான் விளக்குகளைக் கேட்டார். "உடைஞ்சு வந்தா இதோட முடிச்சுக்கலாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி சுட்டு அனுப்ப நாளும் இல்லை.

எந்தப் பார்சல் ஆபீஸை நம்புவது? விஞ்ஞானியாகிவிட்டேன். இரண்டு ஆபீஸில் தலா ஒரு விளக்குப் பெட்டியை என் விலாசத்துக்கே அனுப்பினேன். முதல் ஆபீஸ் எல்லாவற்றையும் சேலம் கொண்டுபோய் ஊர்வாரியாகப் பிரிக்கிற ரகம். பெட்டி கலகலத்துக்கொண்டே திரும்பியது. இரண்டாவது பெட்டி வாயே திறக்கவில்லை. மொத்தச் சரக்கையும் அந்த இரண்டாவது ஆபீஸ் லாரியில் ஏற்றினேன்.

லாரி உறுமத் தொடங்கியதும், புக்கிங்கில் இருந்தவரிடம் என் சோதனையைச் சொல்லிப் பாராட்டினேன்.

"அந்தப் பெட்டியாங்க? உள்ளூர் அட்ரஸாச்சேன்னு லாரியில ஏத்தவே இல்லீங்க. இந்த ஃபேனுக்கு அடியிலதான் இருந்துச்சு. வூட்டுக்குப் போற வழியில நானே உங்க வூட்ல குடுத்துட்டுப் போனேன்."

வாசலுக்கு ஓடினேன். லாரி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியது.

எனக்கு நல்ல காது. டீசல் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது.