வாரியத்து வெர்னாவும் மீன் பிடித்த கணக்காளரும்

"சான்றிதழ் அனுப்பிட்டா ஆச்சா? வகுப்புல உக்காந்ததை யாரு பாத்தா?"

காலையில் காபிக் கோப்பையைக் கையில் எடுத்ததும் வெர்னா கோலார் தினமும் புலம்புவது இதுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கணக்காளர்களுக்கு உரிமம் கொடுக்கும் வாரியத்தில் அவளுக்கு வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். உரிமம் புதுப்பிக்க வேண்டுமானால் கணக்காளர்கள் விடாமல் வகுப்பு படிக்க வேண்டும். இப்போது அதுவும் வீட்டுக் கணினியிலேயே நடக்கிறது. யாரை நம்புவது?

வீட்டிலும் அவள் அப்படித்தான். கணவன் முட்டை வாங்கி வந்தால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள்.

சின்ன ஊர் வாரப் பத்திரிகைகளைக் கல்யாணச் செய்தி உட்பட விடாமல் படிப்பாள். ஒன்றில் கணக்காளர் டெல்மர் ரூபி, உறைந்த ஏரியின் மேல், போட்டியில் பரிசு வாங்கிய மீனோடு நின்றார். சனிக்கிழமை எடுத்த படம். அதே சனிக்கிழமை பகல் முழுக்க அவர் தொழில் நேர்மை வகுப்பில் இருந்ததாக வாரியத்துக்குச் சான்றிதழ் வந்திருந்தது.

வெர்னா நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"சனிக்கிழமை எங்க இருந்தீங்க, டெல்மர்?"

"வகுப்புலதான்."

படத்தை மேஜையில் போட்டாள். "இந்த மீனும் கூடப் படிச்சுதா?"

டெல்மர் முகம் வெளுத்துவிட்டது. உரிமம் போனால் பிழைப்பே போச்சு. "அது... போன வருஷத்துப் படம்," என்று இழுத்தார்.

சமையலறையிலிருந்து மனைவி ஆர்லிஸ் கரண்டியோடு வந்தாள். "பொய் சொல்லாத, டெல்மர். நான்தாங்க கணினி முன்னாடி உக்காந்து பட்டனை அமுக்கினேன். 'இருக்கியா, இருக்கியா'ன்னு அது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வீட்ல எப்பவும் இருக்கறது நான்தானே!"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. "வேற எத்தனை வகுப்பு நீங்க படிச்சீங்க?"

"இது ஒண்ணுதான். இன்னொண்ணு படிச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

அதையும் நம்பாமல் பழைய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தோண்டினாள். ஆர்லிஸ் சொன்னது நிஜம்தான். அதனால் வாரியம் உரிமத்தை ரத்து செய்யாமல் சில மாதம் நிறுத்தி வைத்தது. வகுப்புகளை டெல்மர் நேரில் வந்து படித்து முடித்தார். வெர்னா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கழிப்பறைக்குப் போனாலும் மனுஷர் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

உங்கள் வரிக் காகிதங்களை யாரிடமாவது கொடுக்கும் முன் வாரியம் இருக்கும் லிங்கன் நகரத்துக்குப் போய் வெர்னாவை ஒரு தடவை பாருங்கள். அந்த ஆளுக்கு உரிமம் இருக்கிறதா என்று காசு வாங்காமல் பார்த்துச் சொல்வாள். முதலில் உங்களையே ஏற இறங்கப் பார்ப்பாள். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.