வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு

கே.கே. நகரில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த ஷட்டர் சேக் இஸ்மாயிலுடையது. பைக் சக்கரங்களில் கறை எடுத்துப் பளபளப்பாக்குவது அவர் தொழில். பஞ்சர் ஒட்டச் சொல்லி யாராவது வந்தால்கூட நாலு கடை தள்ளிக் கை காட்டிவிடுவார். கை சுத்தம், வாய்தான் வீம்பு. வேலையில் ஏதாவது குறை சொல்லிப் பாருங்கள், "வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்பார். ஏழு வருடமாகக் கேட்கிறேன். ஒருநாளும் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. இவ்வளவு நல்ல வேலைக்காரருக்கு அந்தப் பொய் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து உக்கிரபாண்டி என்ற விவசாயி தன் மகனுடைய பைக்கைக் கொண்டுவந்து விட்டார். மகன் பாண்டியராஜன் இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு துபாய்க்குப் போனவன். "வண்டிய மட்டும் பத்திரமாப் பாத்துக்கங்க" என்று ஒரே ஒரு காரியத்தைத்தான் ஒப்படைத்துப் போனானாம். இவர் மழை படாத இடம் என்று நினைத்து உர மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிறுத்திவிட்டார். யூரியா ஈரத்தில் கசிந்து, இரண்டு அலுமினியச் சக்கரமும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டன. மகன் போனில் கேட்கும்போதெல்லாம், "புதுசு கணக்கா இருக்குய்யா" என்றே சொல்லி வந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி பிளேன்ல வாரான் பாய். இந்த வண்டியிலதான் போயிக் கூட்டியாரணும். இதப் பாத்தான்னா எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசவே மாட்டான்" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் இஸ்மாயில் சக்கரங்களைக் கழற்றி, பழைய வார்னிஷை உரித்து, பூத்திருந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டார். நடுவில் கொஞ்சம் கிரீஸ் பிசுக்கு மட்டும் பாக்கி. அதற்கென்று வைத்திருக்கும், காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரை அடித்தார். இரண்டு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று எனக்கே பலமுறை பாடம் நடத்தியவர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை, மாடித் தொட்டி காலி. பள்ளிவாசலில் தொழுகைக்கு முந்தைய குத்பா உரை தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிந்துவது அவருக்குப் பிடிக்காது. "வந்து கழுவிக்கிறேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

திரும்பி வரும்போது மணி ஒன்றே முக்கால். தொட்டியில் தண்ணீர் ஏறியிருந்தது. கழுவிப் பார்த்தால் இரண்டு சக்கரமும் அடுப்பில் கிடந்த சட்டி மாதிரி கறுத்துக் கிடந்தன.

பாலிஷைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். துணிதான் கறுத்தது, சக்கரம் வெளுக்கவில்லை. சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி அமீருன்னிசா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"காரத்தப் போட்டீங்களா?"

"நீ வீட்டுக்குப் போ."

"இட்லிப் பானையும் இப்படித்தாங்க கறுக்கும். அடித்தண்ணியில புளிச்சக்கையப் போட்டா கறுக்காது. கறுத்ததும் வெளுத்துரும்."

"இது பானை இல்ல, வீலு!"

"ரெண்டும் அலுமினியந்தானே?"

அவர் பதில் சொல்வதற்குள் உக்கிரபாண்டி வந்துவிட்டார். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர், இருப்புக் கொள்ளாமல் இரண்டுக்கே வந்து நின்றார். சக்கரத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"யூரியா உள்ளுக்குள்ள எறங்கிருச்சா பாய்? எல்லாம் எம் பாவம். எம் மகன் சொத்த நானே கெடுத்துட்டேன்."

இஸ்மாயில் வாயைத் திறந்தார். அவருடைய வழக்கமான பொய்யை அவர் சொல்லக்கூடத் தேவையில்லை, பேசாமல் இருந்தாலே போதும். பழியை அந்த மனிதரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாயிற்று. அமீருன்னிசா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே" என்றார் இஸ்மாயில். "வரும்போது இப்படி இல்ல. நான் செஞ்சது. மருந்த அடிச்சுட்டுக் கழுவாமத் தொழுகப் போயிட்டேன்."

உக்கிரபாண்டி துள்ளி எழுந்தார். "ஒன்னய நம்பித்தானய்யா விட்டேன்!" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். இஸ்மாயில் கையைத் தட்டிவிடவில்லை.

"அண்ணே" என்றார் அமீருன்னிசா, "அடிக்கிறதுன்னா அஞ்சு மணிக்கு அடிங்க. இப்பப் புளி கரைக்கணும்."

பிடி தானாகத் தளர்ந்தது. நான் மளிகைக் கடைக்கு ஓடினேன். அரைக்கிலோ புளியை டீக்கடை அடுப்பில் கொதிக்க வைத்தோம். உக்கிரபாண்டி தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கொடுக்க, அதைச் சுடச்சுட நனைத்துச் சக்கரத்தில் சுற்றினார்கள். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள்; நாங்கள் நாலு பேரும் பதறிக்கொண்டுதான் நின்றோம். மூன்று மணிக்குத் துணியை விலக்கியபோது ஒரு கட்டைவிரல் அளவுக்கு வெள்ளி தெரிந்தது. இஸ்மாயில் அதன்பிறகு தலை நிமிரவில்லை. மறுபடி புளித்தண்ணீர், கழுவல், தண்ணீர் தொட்டு உப்புத்தாள், கடைசியில் டிரில்லில் மெருகேற்றும் பஞ்சுச் சக்கரத்தை மாட்டி ஓட்டம். கொண்டுவந்த சாப்பாடு அப்படியே இருந்தது.

சக்கரங்களை மாட்டி முடிக்க நாலே முக்கால். முகம் பார்க்கலாம் போல இருந்தன. ஆனால் பின் சக்கரத்தில் உளுந்தளவு மூன்று கறுப்புப் புள்ளிகள் போகவேயில்லை. முன் சக்கரத்தில் யூரியா அரித்த குழிகள்.

"பின்னால இருக்குறது என் தப்புண்ணே. முன்னால இருக்குறது ஒங்க மூட்டை" என்றார் இஸ்மாயில்.

அந்நேரம் உக்கிரபாண்டியின் போன் அடித்தது. விமானம் முன்னாலேயே இறங்கிவிட்டதாம். காது மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"வந்துட்டேன்ப்பா. வண்டி எப்படி இருக்கு?"

"புதுசு..." என்று தொடங்கியவர் இஸ்மாயிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "இல்லய்யா. கெடுத்துட்டேன். ஒர மூட்டகிட்ட நிப்பாட்டிட்டேன். வீலெல்லாம் அரிச்சுப்போச்சு. தேச்சும் முழுசாப் போகல" என்றார்.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்ப்பா" என்றான் மகன். "போன மாசியிலயே அம்மா போட்டோ அனுப்பிருச்சு. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கிட்டிருந்தேன். சீக்கிரம் வாங்க, பசிக்குது."

உக்கிரபாண்டி கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார். அது புளித்தண்ணீரில் கிடந்தது. அவசரத்தில் மூன்று முறை உதைத்தும் வண்டி கிளம்பவில்லை. இஸ்மாயில்தான் உதைத்துக் கிளப்பிக் கொடுத்தார்.