ஷூ போட்டு ஓடினால் சேதி இல்லை

1. எட்டாம் நம்பர் கால்

வேலையில் சேர்ந்த நாளில் என் சான்றிதழ்களை யாரும் பார்க்கவில்லை. சாம்பிள் ரூம் மாஸ்டர் காதர் பாய் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். டேப்பால் அளந்தார். குதிகாலை அமுக்கினார். மரத்தில் செய்த லாஸ்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுத்தமான எட்டு. ஒரு நூல் கூடல, ஒரு நூல் குறையல. நாளைலேர்ந்து வந்துடு வாத்தியாரே."

லாஸ்ட் என்பது ஷூ தைப்பதற்கான கால் அச்சு. எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆண்கள் ஷூவுக்கு எட்டாம் நம்பரில்தான் சாம்பிள் போடுவார்கள். போட்டுப் பார்க்க அதே அளவில் உயிருள்ள கால் ஒன்று வேண்டும். வரலாற்றில் பட்டம் வாங்கி, படையெடுப்புகளை வருட வாரியாக ஒப்பிக்கத் தெரிந்த என்னிடம், உலகத்துக்குத் தேவைப்பட்டது கணுக்காலுக்குக் கீழே இருந்த பகுதி மட்டும்.

ஐந்து வருடம் டெம்பரரியாகவே இருந்தேன். காலையில் பழவேற்காட்டிலிருந்து பஸ், பிறகு மீஞ்சூரில் ரயில், பகல் முழுக்க அடுத்தவருக்கான ஷூவில் நடை, சாயங்காலம் சொந்த ரப்பர் செருப்பில் வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில்தான் அந்த ரேஸ் ஷூ ஆர்டர் வந்தது.

2. வலையைக் காலில் மாட்டியவன்

ரோட்டில் பந்தயம் ஓடுகிறவர்களுக்கான ஷூ. அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கான கறுப்பு லெதர். இதில் அப்பர், அதாவது மேல்பாகம், முழுக்க நைலான் வலைத்துணி, சோல் ஒரு விரல் கனம் கூட இல்லை. காதர் பாய் அதை என் உள்ளங்கையில் வைத்தபோது வைத்தாரா இல்லையா என்று குனிந்து பார்த்தேன்.

"நூறு மைல் ஓடி ரிப்போர்ட் குடுக்கணும். ஷூ வாங்குற பையர் கேட்டுருக்கான்" என்றார்.

"பாய், நான் பஸ்ஸுக்கே ஓடினதில்ல."

"ஓடத் தெரியணும்னு அவன் எழுதல. எட்டாம் நம்பர் கால்னுதான் எழுதிருக்கான். மேனேஜர் உன் பர்மனென்ட் லெட்டர டைப் அடிச்சு டிராயர்ல வெச்சிருக்காரு. நூறு முடிஞ்சா அது உன் கைக்கு வரும். பழவேற்காட்டுக்காரன் மானத்த வாங்காத." அவரும் எங்கள் ஊர்தான். பழைய வியாபாரக் குடும்பம்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். பாதி தார் ரோடு, பாதி ஏரிக்கரை மண் ரோடு. தோணிரேவுப் படகுத்துறையைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் இருபது முப்பது பேர் என்னோடு ஓடி வருகிறார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கை கூட அசைத்தேன்.

எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. கரையோரமாக ஒருவன் ஓடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தண்ணீரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. அவன் வாய் திறக்கும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே ஓடுவார்கள். ஏரிக்கரையில் பிறந்த எனக்கு இது தெரியாததல்ல. ஷூ போட்டதும் மறந்துவிட்டது.

முதலில் என்னைப் பிடித்தது குப்பம்மாக்கா. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிறு பல்லில் இருக்கும், அதனால் வேலை நேரத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கயிற்றைத் துப்பிவிட்டு என் சட்டையைப் பிடித்தார்.

"யாருக்கு இன்னா ஆச்சு? எங்க வூட்டுக்காரரு முகத்துவாரம் போயிருக்காரு. சொல்லித் தொலையேன்!"

"ஒண்ணும் ஆகலக்கா. ஷூ டெஸ்ட் பண்றேன்."

"இன்னாது?"

"கம்பெனி ஷூ. ஓடிப் பாக்கச் சொன்னாங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஊரே பார்த்தது. என் காலிலிருந்த சாதனத்தின் எடை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அவர் கணவர் ஏழுமலை வீடு தேடி வந்து ஷூவைத் தொட்டுப் பார்த்தார். கோபமாக வந்தவர் தொட்டதும் திகைத்துப் போனார்.

"வலையா இது? வலைய தாண்டினாலே எங்க நைனா முதுகுத் தோல உரிப்பாரு. நீ கால்லயே மாட்டிக்கினியா?" பிறகு தொழில்காரர் கண்ணால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கண்ணி ரொம்பப் பொடிசு. கூனி இறாலு கூடத் தப்பாது."

கூட வந்திருந்த குப்பம்மாக்கா முடிவு சொன்னார். "இந்தா பாரு தம்பி. ஷூ போட்டுக்கினு ஓடினா கம்பெனி ஓட்டம். நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். சேதி இருந்தா வெறுங்கால்ல வா. சரியா?"

சரி என்றேன். நான் படித்த உடன்படிக்கைகள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

3. மிதந்த நாட்கள்

பிறகு வந்த காலைகளை எப்படிச் சொல்வது? ரிப்போர்ட் எழுதக் கொடுத்த ட்ரையல் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 'விரல் பகுதி', 'குதிகால்', 'வியர்வை' என்றுதான் இருந்தது.

பனி விழும் மாதம். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். இடையில் கோடு இல்லை. கரை ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர், அதுவும் அசையாத தண்ணீர். கொஞ்ச தூரம் ஓடியதும் மூச்சிரைப்பு தணிந்து, கால் கீழே படுகிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். தொலைவில் பூநாரைகள் நின்றுகொண்டிருக்கும், பாதி தூக்கத்தில், ஒற்றைக் காலில். அவற்றுக்கு ஒரு ஷூ போதும் என்று நினைத்துக்கொள்வேன். படகுகளின் பாய்கள் மட்டும் பனிக்கு மேலே தெரியும். கீழே படகு இருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன், இடுப்புக்கு மேலே ஒரு டெம்பரரி ஊழியன்.

முப்பத்தைந்து வயதில், தொப்பையோடு, எந்தப் போட்டியிலும் இல்லாமல், வேறு யாருக்கோ செய்த ஷூவில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை இப்போது எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தோணிரேவில் யாரும் நிமிரவில்லை. குப்பம்மாக்கா என் காலைப் பார்ப்பார், தண்ணீருக்குள் திரும்பக் குனிவார். அவ்வளவுதான்.

4. மதகு

எண்பத்து நான்காவது மைலில், நான் வழக்கமாகத் திரும்பும் மதகில், வாடைக் காற்று சட்டென்று பலத்தது. பனி கலைந்தது. முகத்துவாரத்துப் பக்கம் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகைப் பிடித்தபடி மூன்று தலைகள்.

எங்கள் ஏரியில் பெரும்பாலான இடத்தில் படகு கவிழ்ந்தால் எழுந்து நின்றுவிடலாம். முகத்துவாரத்தில் முடியாது. அங்கே ஆழம், இழுப்பும் கடலைப் பார்த்து. தோணிரேவிலிருந்து பார்த்தால் பனந்தோப்பு மறைக்கும். மதகிலிருந்து மட்டும்தான் தெரியும். மதகில் நான் மட்டும்தான் இருந்தேன்.

திரும்பி ஓடத் தொடங்கி, பத்தடியில் நின்றேன். காலில் ஷூ.

இப்படியே ஓடினால் ஒருவரும் நிமிர மாட்டார்கள். கத்தலாம்தான். வாடைக்கு எதிரே கத்தினால் என் குரல் எனக்கே கேட்காது. பெண்கள் கரையிலிருந்து தள்ளித் தண்ணீருக்குள் இருப்பார்கள். அவர்களுக்குத் தெரியப்போவது என் உருவமும் என் காலும் மட்டுமே.

மதகில் உட்கார்ந்து லேஸைப் பிடித்தேன். ஓடும்போது அவிழக்கூடாதென்று இரட்டை முடிச்சுப் போடச் சொன்னவர் காதர் பாய். பனியில் நனைந்து முடிச்சு கல்லாகியிருந்தது. மூன்று பேர் தண்ணீரில் கிடக்க, நான் நகத்தால் முடிச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியாமல் குதிகாலைப் பிடித்து இழுத்தேன். டர் என்று தையல் விட்டது. இன்னொன்றும் டர்.

சரளைக் கல்லில் வெறுங்காலோடு ஒரு மைல் ஓடினேன். ஷூவில் ஓடியதைவிட வேகமாக ஓடினேன் என்று நினைக்கிறேன். என்னிடம் கடிகாரம் இல்லை.

வாய் திறக்கவே தேவைப்படவில்லை. தூரத்திலேயே குப்பம்மாக்கா நிமிர்வது தெரிந்தது. என் காலைப் பார்த்தார். பல்லிலிருந்து கயிறு விழுந்தது. பறி தண்ணீரில் மிதந்து போக, இறாலெல்லாம் ஏரிக்கே திரும்பிற்று. அவர் போட்ட கூச்சலில் நான் கரைக்கு வருமுன் இரண்டு படகுகள் கிளம்பிவிட்டன.

மூன்று பேரையும் கொண்டுவந்தார்கள். ஏழுமலையும் அவர் மச்சான்கள் இருவரும். ஏழுமலை குளிரில் பல் கிட்டிக்கொண்டிருக்கையிலும் என் காலைத்தான் பார்த்தார்.

"ரத்தம் வருதுடா. ஷூ எங்க?"

திரும்பப் போய்ப் பார்த்தேன். மதகின் மேல் ஜோடியாக, முனையும் முனையும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அத்தனை அவசரத்திலும் சாம்பிள் ரூம் பழக்கம் என்னை விடவில்லை.

5. ட்ரையல் ஷீட்

காதர் பாய் என் ஷீட்டை இரண்டு முறை படித்தார்.

"'எம்பத்தி நாலாவது மைல். வேகமா ஓட வேண்டி இருந்ததால் ஷூவைக் கழட்டினேன்.' வாத்தியாரே, இது ரேஸ் ஷூ. வாங்குறவன் இதப் படிச்சா இன்னா நெனைப்பான்?"

"நடந்தது அதான பாய்."

"நடந்தத யாரு கேட்டா? மிச்சம் பதினாறு மைல் ஓடினதா போட்டு நூறுனு முடி. பின்னால ரெண்டு தையல் நானே போட்டுத் தரேன். லெட்டர் டிராயர்ல கீது."

பேனாவை எடுத்தேன். ஐந்து வருடம் காத்திருந்தவன், எடுக்காமல் என்ன செய்வேன்? மூன்று இலக்கம் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எண்பத்தைந்தாவது மைல் அந்த மதகிலிருந்து தோணிரேவுக்கு வந்த மைல். அதை ஷூவோடு ஓடியதாக எழுதினால், குப்பம்மாக்கா என் காலைப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் குனிகிறார். காகிதத்தில்தான் என்றாலும், அவரைக் குனியவைக்க எனக்குக் கை வரவில்லை.

பேனாவை மூடி வைத்தேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காதர் பாய் என்னைத் திட்டவில்லை. ஷூவைத் திருப்பி, விட்டுப்போன தையலுக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"ஏழுமலை என்கூடப் படிச்சவன்" என்றார். பிறகு, "பின்பட்டைக்கு ஒரு தையல் பத்தாது. டபுள் போடணும். பின்னால இழுக்க ஒரு வாரும் வெக்கலாம். புது ஜோடி தரேன். ஒண்ணாவது மைல்லேர்ந்து ஆரம்பி."

லெட்டர் டிராயரிலேயே இருந்தது. அடுத்த நூறு முடிந்த பிறகுதான் வெளியே வந்தது, ஓரம் கொஞ்சம் மஞ்சளாகி.

இளையவர்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்லலாம். ட்ரையல் ஷீட்டில் கழற்றிய இடத்தையும் எழுதுங்கள். ஷூ சரியாக இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு டிசைனர் ஒன்றும் செய்வதற்கில்லை.

இரண்டாவது ஜோடியின் முதல் காலை. அதே பனி, அதே சாம்பல் நீர். தோணிரேவை நெருங்கும்போது என் காலடி எனக்கே கேட்கவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து குப்பம்மாக்கா நிமிர்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். புது ஷூ, இரட்டைத் தையல், இரட்டை முடிச்சு. நன்றாகப் பார்த்துவிட்டுப் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தார்.

நான் கை அசைக்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தேன்.