ஒன்று முதல் ஒன்பது வரை

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று காலண்டர் அடிக்க விலை கேட்டு, கூடவே ஒரு விண்ணப்பமும் அனுப்பியிருந்தது. அந்த அரசுக்குச் சரக்கு விற்க வேண்டுமானால் கம்பெனிக்கென்று ஒன்பது இலக்க அடையாள எண் வேண்டுமாம். எழுதிப் போட்டிருந்தோம்; எண் வந்தபாடில்லை.

அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பில் புத்தகமோ விசிட்டிங் கார்டோ, வாடிக்கையாளர் நம்பர் தரும்வரை அந்த இடத்தில் 123456789 என்று போட்டு வைப்போம். கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கை அரிக்கும். விண்ணப்பத்திலும் அரித்தது. போட்டேன். மாற்ற மறந்து அப்படியே மெயிலில் அனுப்பியும் விட்டேன்.

மறுநாள் டீ குடித்தபடி விண்ணப்பத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தேன். பொய்த் தகவல் தந்தால் அபராதம், சிறை. டீயைக் கீழே வைத்துவிட்டேன். எந்த ஊர்ச் சிறை? அங்கே சோறா, ரொட்டியா?

இரண்டு நாளில் தெருவில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குச் சோதனைக்கு அடிக்கடி வருகிற ஜீப்தான். ஆனாலும் நான் பேப்பர் பண்டல்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பைண்டிங் வேலை பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இங்கன உக்காந்து முட்டையா போடுறீக?”

“ஜீப்பு போயிருச்சாக்கா?”

“அது பட்டாசுக்கு வந்தது. ஒங்கள யாரு தேடப் போறா?”

அமெரிக்கா தேடுகிறது என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை பதில் மெயில் வந்தது. திறக்கக் கை வரவில்லை. நேரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அண்ணாச்சி, என்னயப் பிடிச்சிட்டுப் போனா வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க.”

“மெயில்ல என்னலே போட்டிருக்கு?”

“படிக்கல அண்ணாச்சி.”

“படிலே மொதல்ல!”

நீங்கள் எழுதிய எண் எங்கள் பதிவில் இல்லை, திங்கட்கிழமைக்குள் சரியான எண்ணை அனுப்பவும், நன்றி. அவ்வளவுதான். சிறைக்குப் போகவிருந்தவனுக்கு நன்றி வேறு.

சரியான எண்ணுக்கு எங்கே போவது? அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். மேஜை டிராயரை இழுத்தார். ஊதுபத்திப் பாக்கெட்டுக்கு அடியிலிருந்து பிரிக்காத உறை ஒன்றை எடுத்தார். உள்ளே ஒன்பது இலக்கம்.

“வந்து பத்து நாளாச்சுலே. பேங்க் கடுதாசின்னு நெனச்சேன்.”

அன்றைக்கே அனுப்பினோம். ஆர்டர் கிடைத்தது. ஜனவரித் தாளின் புரூஃபைப் பிழை பார்க்கக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதிகளின் மேல் விரலை ஓட்டினார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஏலே, இது நெசத் தேதிதானா, இல்ல நீயாப் போட்டு வச்சதா?”