ஆள் இல்லாத படம்

திருச்செல்வத்துக்கு மனித முகம் அலுத்துவிட்டது. மலேசியாவில், கிள்ளான் பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்து இருபத்து மூன்று வருடம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எத்தனை முகங்கள்! தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே தலையை நீட்டிய பெரியப்பாக்கள் மட்டுமே ஆயிரம் பேர் இருப்பார்கள். சாவதற்குள் ஒரு படம், ஒரே ஒரு படம், ஆள் வாடையே இல்லாமல் எடுத்துவிட வேண்டும். அதைப் பெரிதாகப் போட்டுக் கடை முகப்பில், மணப்பெண்கள் தொங்கும் இடத்தில் மாட்ட வேண்டும். மனுஷன் கேட்டது இவ்வளவுதான்.

இடத்தையும் முடிவு செய்து வைத்திருந்தார். செகிஞ்சான் வயல்வெளி. அறுவடை முடிந்து, அடுத்த போகம் விதைப்பதற்கு முன்னால் வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்கும். காலை ஏழேகாலுக்குச் சூரியன் கிளம்பும்போது வானம் மொத்தமும் அந்தத் தண்ணீரில் கிடக்கும். இரண்டு வாரம்தான் அந்தக் கொடுப்பினை. நல்லவேளையாக அது ஆடியில் வருகிறது. ஆடியில் நம்மவர்கள் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. திருச்செல்வத்துக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே அந்த மாதத்தில்தான்.

தனியாகப் போயிருக்கலாம். ஆனால் மனைவி வாணியை இத்தனை வருடத்தில் எங்கேயுமே அழைத்துப் போனதில்லை. பள்ளி விடுமுறை வந்தால் கல்யாணம். பெருநாள் விடுமுறை வந்தால் இரண்டு கல்யாணம். அதனால், "இந்த ஆடிக்கு நாம ரெண்டு பேருமா போவோம் வாணி. விடியக்காலையில வயல்ல எனக்கு ஒரு படம். அப்புறம் கடலோரமாவே லுமுட் வரைக்கும் போவோம்" என்றார். வாணி அன்று இரவே அலமாரியைத் திறந்து எந்தச் சேலை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, செமினியிலிருந்து வந்திருந்த வாணியின் தம்பி சுகுமாறனிடம், "அடுத்த சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கேன்" என்று உளறித் தொலைத்தார்.

"அப்ப நாங்களும் வரோம் லா மச்சான். ரெண்டு காடி போட்டுருவோம், உங்க கார் ஒண்ணு, எங்க கார் ஒண்ணு!"

அடுத்த நாளே சுகுமாறன் பெண்டாட்டி மலர்விழியையும் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு, திட்டம் போட வந்து இறங்கிவிட்டான். திருச்செல்வம் சூரியன் எழும் நேரம், நிற்க வேண்டிய வரப்பு எல்லாம் ஒரு தாளில் வரைந்து வைத்திருந்தார். "அஞ்சு மணிக்குக் கிளம்பறோம். ஏழு மணிக்கு நான் வயல்ல நிக்கணும்" என்றார்.

"அதெப்படி மச்சான்? தூரப் பயணம். சக்கரத்துல எலுமிச்சம்பழம் வைக்காம காடிய எடுக்கறதா? ஐயர் ஆறு மணிக்குத்தான் நடை திறப்பாரு."

"முந்தின நாள் சாயங்காலம் வச்சுக்குவோம்."

"ராத்திரி பூரா காடி சும்மா நிக்குமே! அது செல்லாது மச்சான்."

எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ! திருச்செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு வாணியைப் பார்த்தார். அவள் அதைவிடப் பெரிய குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"தஞ்சோங் காராங்ல ரெங்கசாமி சித்தப்பா இருக்காரு. அவரு வீட்ட தாண்டிப் போயிட்டு உள்ள நுழையலன்னா அவ்வளவுதான், நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு வரமாட்டாரு."

"வரும்போது பாத்துக்கலாமே!"

"வரும்போது போனா, போகும்போது ஏன் வரலன்னு கேப்பாரு. நான் போன் போட்டுச் சொல்லிட்டேங்க. காலைல இடியாப்பம் செய்யறாங்களாம்."

மலர்விழி தன் பங்குக்கு ஒரு பையை அவிழ்த்தாள். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எல்லாருக்கும் ஒரே மாம்பழக் கலரில் குர்தா எடுத்திருக்கிறாளாம். "நாங்க வரிசையா வரப்புல நிக்கறோம், நீங்க எடுக்கறீங்க. தண்ணியில சூப்பரா தெரியும் அண்ணே!"

"நான் எடுக்கப்போறது ஆளே இல்லாத படம்மா."

"ஆளே இல்லாத படத்துக்கு எதுக்கு அண்ணே அவ்வளவு தூரம் போகணும்?"

திருச்செல்வம் மனசுக்குள் கணக்குப் போட்டார். கோயில் ஆறரை, சித்தப்பா எட்டு, வயல் ஒன்பதரை. ஒன்பதரை வெயிலில் வயலைப் படம் எடுப்பதும் மீன் பாசாரில் கருவாட்டைப் படம் எடுப்பதும் ஒன்றுதான். அவருடைய தாளின் பின்பக்கத்தில் வாணி புளிச்சாதத்துக்கு எத்தனை டப்பா என்று எழுதிக்கொண்டிருந்தாள். போதுமடா சாமி என்று எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை விடியுமுன், "பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஆல்பம் எடுக்கணும், ரோடு ஜேம் ஆகறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்று வாணியிடம் சொல்லிவிட்டு நேராகச் செகிஞ்சானுக்கு ஓட்டினார். எலுமிச்சம்பழமும் இல்லை, இடியாப்பமும் இல்லை. காற்றுக்கூட இல்லை. ஏழேகாலுக்குத் தண்ணீர் முழுக்கச் செவ்வானம் நின்றது. யாரையும் 'கொஞ்சம் சிரிங்க' என்று கெஞ்சாமல் எடுத்த படம். வரப்பிலேயே உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண் கலங்கியது.

சனிக்கிழமை எல்லாம் திட்டப்படியே நடந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. சித்தப்பா இரண்டாம் தடவையும் இடியாப்பம் வைத்தார். வயலுக்கு வந்தபோது மணி பத்து. வானம் மூடிக் கிடந்தது, காற்றில் தண்ணீர் கலங்கியது. மாம்பழக் கலரில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். திருச்செல்வம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இருபது படம் எடுத்தார்.

வாணி மெல்ல அவர் பக்கத்தில் வந்தாள். "கோவமாங்க?"

"இல்லையே."

"பொய் சொல்லாதீங்க. எல்லாம் என்னாலதான். சித்தப்பா வீட்ட விட்டிருக்கலாம், சுகுமாறன வேணாம்னு சொல்லியிருக்கலாம். முதல் தடவையா நீங்க கூப்பிட்டீங்களா, எனக்குத் தலகால் புரியல. ஊர் பூரா சொல்லிட்டேன்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அடுத்த வாரம் நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நானே எழுந்து காப்பி போட்டுத் தரேன்."

அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கேமராவைத் திருப்பி, வியாழக்கிழமைப் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "மன்னிச்சிரு வாணி. ஆல்பம் எடுக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கே நான் இங்க வந்து எடுத்துட்டேன்."

வாணி கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க. எங்கள விட்டுட்டு வந்தாத்தான் இப்படி வரும் போல."

கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுகுமாறன் காடியின் பின்சீட்டில் பிள்ளைகளை நகரச் சொல்லி ஏறி உட்கார்ந்துகொண்டாள். லுமுட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரப் பயணம். திருச்செல்வம் தன் காடியைத் தனியாகவே ஓட்டினார்.