குழாய்க்குள் போன பால்ரஸ் குண்டு

எங்கள் வீட்டுத் தோட்டத்துச் சுவரில் ஒரு பழைய பித்தளைக் குழாய் இருக்கிறது. குளியலறையில் மகன் வாங்கிப் போட்ட பளபளப்பான குழாய்கள் எத்தனையோ மாறிவிட்டன. இதில் எப்போதாவது வாசர் மாற்றுவதோடு சரி. ஒற்றை விரலால் திருகினால் மூடிக்கொள்ளும். மூடிய பிறகும் அதன் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எது எப்போது கெட்டுப்போகுமோ என்ற பயத்தை மட்டும் இன்னும் விடவில்லை. அப்படி நிற்கும்போதெல்லாம் என் பெரிய நாத்தனார் நினைவுக்கு வருவார்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த வருஷங்கள் அவை. உளுந்தூர்பேட்டையில் சைக்கிள் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார், அம்மாவைப் பார்க்கக் கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது. கள்ளக்குறிச்சியில் கடைகள் மூடிக்கிடந்தன. அவர் எங்களோடு மாட்டிக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் குழாயில் வாசர் போயிற்று. புது வாசர் வர வழியில்லை. ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிப் போட்டோம். சில நாளில் அதுவும் கிழிந்து தண்ணீர் கொட்டியது. தெருவுக்கே ஒரு லைன்தான். நாங்கள் முதல் வீடு. தொட்டியில் ஏற்றுகிற தண்ணீர் எங்கள் தோட்டத்திலேயே ஓடி வீணானால் கோடி வீட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. கோடி வீட்டம்மா பஞ்சாயத்தில் போய் முறையிட்டார். வருகிற வாரச் சந்தைக்குள் ஒழுகலை நிறுத்தாவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். இடுப்பில் கைக்குழந்தை, கிணறோ ஊருக்கு வெளியே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழாயை மூடுவது என்றால் எங்கள் வீட்டில் அதன் கழுத்தை நெரிப்பதுதான். மாமியார் கைப்பிடியில் இரும்புக் கரண்டியின் காம்பைக் கொடுத்து நெம்புவார். ஒழுக ஒழுக இன்னும் நெம்புவார். நாத்தனார் குழாயைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, கிழிந்த செருப்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வட்ட வட்டமாக அரைபட்டிருந்தது.

“தானா கிழியல இது. மூடசொல்ல தண்டோட சேந்து தட்டும் சுத்துது. அம்மா இறுக்கற இறுக்குல ரப்பரு மாவா அரையுது.”

தண்டு சுற்றட்டும், அடியில் வாசரைத் தாங்குகிற தட்டு சுற்றாமல் நேராக இறங்கி உட்கார்ந்தால் போதும் என்றார். சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை என் வீட்டுக்காரர் சைக்கிளில் போய் நின்றது. அவர் கழனிக்குப் போயிருந்தார்.

“வாணாம் அண்ணி. அவரு வந்தா என்னியத்தான் கேப்பாரு” என்றேன்.

“இன்னாடி நடுங்கற? ஒரு குண்டு எடுத்தா பெடலு செத்தா பூடும்?”

பெடலைப் பிரித்து, அது சுற்றுவதற்காக உள்ளே வரிசையாக இருக்கும் பால்ரஸ் குண்டுகளில் ஒன்றை எடுத்தார். தண்டையும் தட்டையும் சேர்த்திருந்த பிடிப்பை அரத்தால் ராவி விட்டார். தண்டின் நுனியில் ஆணி வைத்துத் தட்டிச் சின்னக் குழி போட்டு, கிரீஸ் தடவி, இரண்டுக்கும் நடுவில் குண்டை உட்கார வைத்தார். தண்டு இப்போது குண்டின் மேல் சுற்றியது, தட்டு அசையவில்லை. வேலியோரம் நின்ற கோடி வீட்டம்மா சும்மா இருக்கவில்லை. “உளுந்தூர்பேட்டையில பொம்பளைங்களும் பஞ்சர் ஒட்றாங்களா?” என்றார். நாத்தனார் செருப்பிலிருந்து புதுத் துண்டு வெட்டிப் போட்டுக் குழாயைத் திரும்ப மாட்டினார்.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் லைனில் தண்ணீர் வந்தது. கோடி வீட்டம்மாவே குழாயை ஒரு விரலால் மூடி, அடியில் அடுப்புச் சாம்பலைப் பரப்பி, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு சொட்டு விழுந்தாலும் சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும். பழக்க தோஷத்தில் மாமியார் கரண்டியோடு வர, நாத்தனார் அதை வாங்கிக் குழம்புச் சட்டியில் போட்டார். நான்தான் குழந்தையோடு தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெயில் உச்சிக்கு வந்தது. சாம்பல் போட்டது போட்டபடி கிடந்தது.

கோடி வீட்டம்மா புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நாத்தனார் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “எங்க வூட்லயும் ஒரு சைக்கிளு கீது.”

அவ்வளவுதான். அந்த வாரமே தெருவிலுள்ள குழாய்களெல்லாம் நாத்தனார் மடிக்கு வந்து போயின. எங்கள் இணைப்பை வெட்டச் சொன்ன பஞ்சாயத்துக்காரர் வீட்டுக் குழாயும் வந்தது. மரங்களை அகற்றி வழி விட்டதும், நாங்கள் வாசருக்குத் தவித்ததைக் கேள்விப்பட்டு, பை நிறைய வாசர் வாங்கிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். வாங்க ஆளில்லை. தெருவில் போகிற சைக்கிளெல்லாம் கடகடவென்று சத்தம் போடுவதைக் கேட்டு, “இன்னா இது, இந்த ஊர்ல ஒரு பெடலும் சரியில்ல?” என்று அசந்துபோனார். நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டார். மனிதர் அன்றைக்கு முழுக்கப் பெடலுக்குக் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் போன் பண்ணினால் குழந்தைகளை விசாரிப்பதற்கு முன்னால், “கொழா எப்பிடி கீது?” என்றுதான் கேட்பார். காலையில்கூட மூடிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஈரத்தை எதிர்பார்த்து எதிர்பார்த்து ஏமாந்துபோகிற கை இது. வேறெதில் ஏமாந்தும் எனக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.